பிரதீபாவின் வின்டோஸ்

2024 யூலை 14, ஞாயிறு

பிரதீபாவின் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்து சனம் கலைந்துவிட்டது. கஜந்தினியும் காலை பஸ்ஸில் கொழும்புக்குப் போய்விட்டாள். வங்கியில் இதற்கு மேல் லீவு தரமாட்டார்களாம். ஒரே பிள்ளை, தாய் போன கையோடு வேலைக்குப் போகிறாளே என்று கோபம் வந்தது. இங்கே இருந்து என்ன செய்யப்போகிறாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டா? போகட்டும்.

பின்னேரம் செந்தூரன் வந்தான். பிரதீபாவின் தம்பி. எதையும் தள்ளிப்போடத் தெரியாதவன். "அத்தான், கல்வெட்டு அலுவல் என்ன மாதிரி? அந்தியேட்டி அண்டைக்கு வாசிக்க வேணுமெல்லோ" என்றான். 

சண்டிலிப்பாய்ச் சந்தியைச் சுற்றி யார் செத்தாலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கான கல்வெட்டுப் புத்தகம் எங்கள் போட்டோக்கொப்பிக் கடையில்தான் தயாராகும். குடும்ப வரலாறு, தேவாரம், பிறகு கணவன் புலம்பல், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஆளுக்கொரு பாட்டு. பக்கம் கட்டிப் பிரதி எடுத்து நகரத்து அச்சகத்தில் கொடுத்து வாங்குவது நான். புலம்பல் முழுக்கப் பிரதீபா. கடுதாசியில் எழுதமாட்டாள், கணினிக்கு முன்னால் இருந்து யோசித்தபடியே தட்டுவாள். ஊரில் பாதிப்பேர் அவளுடைய வார்த்தையில்தான் அழுதிருக்கிறார்கள்.

இப்போது அவளுக்கு ஒரு கணவன் புலம்பல் வேண்டும். எனக்கு ஒரு வரி வராது.

யூலை 16

முடிவு எடுத்துவிட்டேன். அவள் எழுதியவற்றிலிருந்தே பொறுக்கி அவளுடைய கல்வெட்டைச் செய்வேன். முகம் தெரியாத ஒருவன் எழுதியதை அவளுக்கு வைக்கமாட்டேன்.

ஆனால் எல்லாம் பழைய கணினிக்குள். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த கிழமை, கரண்ட் போய்த் திரும்பி வந்த வேகத்தில் அது எரிந்துபோனது. ஹாட் டிஸ்க் மட்டும் தப்பியது. கஜந்தினி அதைக் கழற்றி, உள்ளே இருந்ததை முழுதாகத் தன் லப்டொப்பில் ஏற்றி, அதை எனக்கு விட்டுப் போயிருக்கிறாள். ஏற்றி என்ன? பக்கம் கட்டும் பழைய புரோகிராம் புதிய வின்டோஸில் நிறுவப்பட மறுக்கிறது. கோப்பைத் திறந்தால் ஒரு எழுத்தும் தமிழாக இல்லை.

அச்சான கல்வெட்டுகள் யாரிடமாவது இருக்குமா என்று நாலைந்து வீட்டுப் படலையில் நின்று கேட்டேன். துடக்கு வீட்டுக்காரன், தீட்டோடு உள்ளே போகவும் ஏலாது. சிலதைக் கறையான் தின்றுவிட்டது, சிலதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெறுங்கையோடு வந்தேன்.

யூலை 18

கஜந்தினி போனில்:

"அப்பா, வேர்ச்சுவல் மெசின் போடுவம். லப்டொப்புக்குள்ளை இன்னொரு கொம்பியூட்டர் இருக்கிற மாதிரி. அதுக்குள்ளை அம்மான்ரை பழைய வின்டோஸ் அப்பிடியே ஓடும்."

"உள்ளுக்கு இன்னொண்டோ? இந்த ஒண்டையே சமாளிக்கேலாமல் கிடக்கு."

சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தப் புரோகிராமின் பெயரை எழுதி எடுத்தேன்.

யூலை 19

அவள் சொன்ன புரோகிராமை இறக்கி நிறுவினேன். புதிய மெசின் ஒன்றுக்குப் பெயர் கேட்டது. "பிரதீபா" என்று போட்டேன். எவ்வளவு நினைவகம் கொடுக்கலாம் என்று கேட்டது, கொடுத்தேன். பழைய டிஸ்க்கின் பிரதியை அதில் கொழுவினேன். ஓடவிட்டால் ஒரு பிழைச் செய்தி. இந்த லப்டொப்பில் அந்த வசதியே பூட்டிக் கிடக்கிறதாம். லப்டொப்பைப் போட்ட உடனே ஒரு விசையை அமத்தி, வின்டோஸ் வருமுன் உள்ளே போய்த் திறந்துவிட வேண்டுமாம். நான் அமத்த முதல் வின்டோஸ் வந்து நிற்கிறது. திரும்பத் திரும்ப. கடைசியில் உள்ளே போனேன். அங்கே எல்லாம் ஆங்கிலம், எதைத் தொட்டால் எது போகுமோ என்ற பயம். தொட்டேன். வேறு என்ன இருக்கிறது போவதற்கு?

யூலை 21, ஞாயிறு

பூட்டுத் திறந்துவிட்டது. மெசின் ஓடுகிறது. பழைய வின்டோஸின் கொடி வந்தது, அடுத்த கணம் பிழை காட்டும் நீலத்திரை. திரும்பப் போட்டேன். கொடி, நீலம்.

யூலை 23

நீலம்.

செந்தூரன் வந்து எட்டிப் பார்த்தான். "அத்தான், உதை விடுங்கோ. ரவுண் அச்சகத்திலை புலம்பல் எல்லாம் ரெடியா வச்சிருக்கிறாங்கள். பேரைக் குடுத்தால் போதும்." அவன் சொல்வதில் பிழை இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "உன்ரை கொக்காவுக்கு ரெடிமேட் பாட்டோ?" என்று கத்திவிட்டேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவனுக்கும் அவள் அக்காதானே. நான் ஏன் இப்படி?

யூலை 25

கஜந்தினி வேலை இடத்தில் யாரையோ கேட்டிருக்கிறாள். பழைய வின்டோஸுக்குப் பழைய வகைச் சொருகல்தான் தெரியுமாம். நாங்கள் டிஸ்க்கைப் புதிய வகையில் கொழுவியிருக்கிறோமாம். மாற்றும் இடத்தைப் போனில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மாற்றினேன். கொடி வந்தது. நீலத்துக்காகக் காத்திருந்தேன்.

நீலம் வரவில்லை. அவளுடைய திரை வந்தது. கோப்புகளை அவள் அடுக்கியிருந்த அதே ஒழுங்கு, இடது பக்கம் இரண்டு வரிசை, ஆட்களின் பெயரில். மூலையில் கோயில் திருவிழா நோட்டீஸ், பாதி முடிந்தது.

"அப்பா? அப்பா, என்ன வருது? சொல்லுங்கோவன்."

ஐயோ பிரதீபா.

யூலை 26

பார்த்துக்கொண்டிருக்கும்போது கை பட்டு ஒரு கோப்பு அழிந்தது. உயிர் போய் வந்தது. மீட்டுவிட்டுக் கஜந்தினிக்குப் போன் எடுத்தேன்.

கஜந்தினி ஒரு வழி சொன்னாள். மெசின் இப்போது இருக்கிற நிலையைப் படம் பிடித்து வைக்கலாம் என்றாள், வைத்தேன். மூடும்போது ஒரு பெட்டி கேட்கும், அதில் சரி அடையாளம் போட்டால், நான் என்ன குழப்பியிருந்தாலும் படம் பிடித்த நிலைக்கே திரும்பிவிடும். "பழகுமட்டும் ஒவ்வொருக்காலும் ரிக் போட்டிட்டு மூடுங்கோ" என்றாள். பிறகும் ஏதோ சொன்னாள். நான் அடையாளம் போடும் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் விட்டுப் போன மாதிரியே. எப்போது திறந்தாலும். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

யூலை 28, ஞாயிறு

நாள் முழுக்க வாசிக்கிறேன். மனைவியை இழந்து வந்த ஆம்பிளைகள் ஒன்றும் சொல்லாமல் கதிரையில் இருப்பார்கள். "அவ போனதுக்குப் பிறகு வீட்டிலை என்ன மாறிப்போச்சு?" என்று பிரதீபா கேட்பாள். அவ்வளவுதான் கேள்வி. அப்படி வந்த அருட்பிரகாசம் அண்ணை, "உப்புக் கூட எண்டு பேசுவன். இப்ப பேச ஆளில்லை" என்றார். அதை இப்படி ஆக்கியிருக்கிறாள்:

உப்புக் கூடிப் போச்சென்று ஒருநாளும் தவறாமல்
சொல்லிச் சொல்லி உண்டேனே — இன்றைக்குச்
சோறிருக்கு, உப்பிருக்கு, சொல்லத்தான் ஆளில்லை.

எங்கள் வீட்டில் உப்புக் கூடியதே இல்லை. ஆனாலும் எனக்காக எழுதியது மாதிரி இருக்கிறது. ஒருவரிடம் இரண்டு வரி, இன்னொருவரிடம் மூன்று வரி என்று எடுத்து, அவளுடைய கல்வெட்டை அவளுடைய மெசினிலேயே கட்டப்போகிறேன். நாளைக்குத் தொடங்கி மெசினை மூடாமல் விட்டு வேலை செய்வேன். நேரம் இல்லை.

யூலை 30, செவ்வாய்

முடிந்தது! பதினாறு பக்கம். முதல் எழுத்திலிருந்து கடைசிவரை அவள். கணவன் புலம்பல் ஒரு முழுப் பக்கம். இரண்டு தரம் சேமித்தேன். லப்டொப் சூடாகிவிட்டது, மூடி ஆறவிட்டுவிட்டுச் சாப்பிட வந்தேன். வந்து பிரதி எடுக்க வேண்டும். அவள் போன பிறகு இன்றைக்குத்தான் பசிக்கிறது.

அதே நாள், பின்னேரம்

இல்லை.

யூலை 31

கோப்பு இல்லை. இரண்டு தரம் சேமித்த கோப்பு இல்லை. மூடும்போது பழக்கதோஷத்தில் அடையாளம் போட்டிருக்கிறேன். மெசின் தனக்குச் சொன்னதைத்தான் செய்தது. அவளுடைய நாளுக்குத் திரும்பிப் போய்விட்டது.

"வேலை செய்தால் ரிக்கை எடுத்துப்போட்டு மூடச் சொன்னனானெல்லோ அப்பா" என்று கஜந்தினி போனில் அழுதாள். சொல்லியிருப்பாள். நான் தலையாட்டியும் இருப்பேன். எனக்கு அந்தப் பாதி கேட்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது முதல் பாதிதான்.

இன்று காலை அச்சுக்குக் கொடுத்தால்தான் நாளை மறுநாளுக்கு வரும். இரண்டு நாள் வேலையை மூன்று மணித்தியாலத்தில் செய்யேலுமோ? திறந்து முன்னால் இருந்தேன். விரல் நகரவில்லை. செந்தூரன் அவளுடைய படத்தையும் பெயர் விபரத்தையும் எடுத்துக்கொண்டு ரவுணுக்குப் போனான்.

நாசமாப் போக. எல்லாம் நாசமாப் போக. ஒண்டும் மாறக்கூடாதெண்டு நினைச்சன், அதுதான் நான் செய்த பிழை. வேறை ஆரையும் குறை சொல்லேலாது.

ஓகஸ்ட் 2, வெள்ளி

கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டிக் கிரியை முடித்து வந்தோம். மத்தியானம் சபையில் கல்வெட்டு வாசித்தார்கள். நல்ல குரல்காரர், இழுத்து இழுத்து வாசித்தார். குலவிளக்கே, குணக்குன்றே, கோதில்லாப் பெண்மணியே. கணவன் புலம்பல் வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். போன வருஷம் வேறு ஒருவரின் பெண்சாதிக்கு வந்த அதே பாட்டு. "உப்பிடியொரு கண்றாவியைச் சபையிலை வாசிக்கிறாங்களே" என்று அன்றைக்குப் பிரதீபா வீட்டுக்கு வந்து சிரித்தாள்.

தலையைக் குனிந்துகொண்டேன். அழுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஓகஸ்ட் 19

கடையைத் திறக்கிறேன். மெசினைத் திறக்கிறேன். பார்க்கிறேன். அடையாளம் போட்டு மூடுகிறேன். போட்டோக்கொப்பி எடுக்க வருகிறவர்கள் "இருக்கிறியளோ அண்ணை?" என்கிறார்கள். இருக்கிறேன்.

ஒக்ரோபர் 6

திருவிழா நோட்டீஸ் இன்னும் பாதியிலேயே நிற்கிறது. திருவிழா முடிந்து கொடியும் இறக்கியாயிற்று.

நவம்பர் 12, செவ்வாய்

மழை. அருட்செல்வன் வந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், என் வயதுதான். மனைவி போய் மூன்று கிழமை. கல்வெட்டு வேண்டும் என்றார்.

"மாஸ்ரர், இப்ப எழுத ஆளில்லை. ரவுணிலை குடுங்கோ" என்றேன்.

ஓம் என்றார், எழும்பவில்லை. மழைக்காக இருக்கிறார் என்று நினைத்தேன். மழை விட்ட பிறகும் இருந்தார். கைகளை முழங்காலில் வைத்தபடி, அந்தக் கதிரையில், எல்லா ஆம்பிளைகளையும் போல. எனக்குக் கோபம் வந்தது. போய்த் தொலையுமன் ஐயா, என்னிடம் ஒன்றும் இல்லை என்று கத்த வேண்டும்போல இருந்தது. வாயில் வந்தது வேறு.

"அவ போனதுக்குப் பிறகு வீட்டிலை என்ன மாறிப்போச்சு மாஸ்ரர்?"

சொன்னார். நெடுக நேரம் சொன்னார். கேற் திறக்கிற சத்தம் கேட்டால் நாய் இப்போதும் வாசலுக்கு ஓடிப்போய், தன்னைப் பார்த்துவிட்டு வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வருகிறதாம். அவர் போன பிறகு மெசினைத் திறந்து, அவளுடைய புரோகிராமில், அவளுடைய எழுத்துருவில், அவர் சொன்னபடியே தட்டினேன். பாட்டாக வரவில்லை. வரிகளாக மடக்கி மடக்கி வைத்தேன்.

மூடும்போது பெட்டி கேட்டது. அடையாளம் போட்டால் மாஸ்ரரின் பக்கம் போய்விடும். போடாவிட்டால் அவள் விட்டுப் போன மாதிரி அது இனி இராது. கை மவுஸிலேயே கிடந்தது. மனுசன் நாளைக்கு வந்து கேட்பாரே.

போடாமல் மூடினேன். பிறகு கடைக் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். சுடலையில்கூட நான் அப்படி அழவில்லை.

2025 யூன் 15, ஞாயிறு

ஆண்டுத் திவசம் திதிப்படி வருகிற ஞாயிறு. கஜந்தினி லீவு எடுத்து வந்திருக்கிறாள். வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒற்றைத் தாளில் ஒரு நினைவு மடல் செய்வோம் என்றாள். பிரதீபா எழுதியதிலிருந்து எடுக்கலாம் என்று பழைய கோப்புகளைத் திறந்தேன். எல்லாம் மற்ற ஆம்பிளைகள் சொன்னவை. மூடிவிட்டு, நானே தட்டினேன். காலையில் தொடங்கியது, முடிய மத்தியானம் ஆகிவிட்டது.

சமைக்கப் போகிறேன் என்று பதினொரு மணிக்குக் கடையிலிருந்து எழும்புவாய்.
ஒரு மணிக்குப் போன் எடுப்பாய், சாப்பிட வாங்கோ என்று.
பதினொரு மணிக்கு ஒருவரும் எழும்புவதில்லை.
ஆனாலும் ஒரு மணி வருகிறது.

கஜந்தினி திரைக்குக் கிட்டப் போய் இரண்டு தரம் வாசித்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"அப்பா, எதுகை ஒண்டும் இல்லை. அம்மா இருந்திருந்தால் உதைத் திருத்தியிருப்பா."

"ஓம். திருத்தியிருப்பா."

"நான் கொஞ்சம் பாக்கட்டோ?"

"வேண்டாம் பிள்ளை."

நாளைக்குப் பிரதி எடுத்து அச்சகத்தில் கொடுக்க வேண்டும். பிழையோடேயே போகட்டும். அவள் இல்லை என்று ஊருக்குத் தெரியட்டும்.