அம்மி போன இடம்

ஆவணி 12, வெள்ளி. வயது எழுபத்தெட்டும் நான்கு மாதமும்.

ஸ்பீக்கர்கள் மேசையை அதிரவைக்கின்றனவாம். அந்த அதிர்வு இசைத்தட்டின் ஊசிக்கு ஏறி ஒலியைக் கலக்குகிறதாம். ஆகவே என் கணவர் இன்று அவற்றை மேசையிலிருந்து இறக்கினார். தரையில் வாவி மணலைப் பரப்பி, ஒன்றை அம்மிமீதும் மற்றதை ஆட்டுக்கல்மீதும் ஏற்றினார்.

“சம்பல் இனி எதில அரைக்கிறதாம்? உங்கட தட்டிலயா?” என்றேன்.

“மிக்ஸி இருக்குத்தானேகா! மேசையில கைய வெச்சுப் பாரு, ஒரு துடிப்பும் இல்ல.”

வீணை இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்த மேசையில் கை வைத்தேன். பிணத்தின் நெற்றியைத் தொட்டது போலிருந்தது.

“வீணை இப்பதான் தெளிவு, என்ன?”

“ஓம், நல்ல தெளிவு.”

மனிதர் பூரித்துப்போனார். எனக்கோ உறக்கம் வரவில்லை. எதைச் சொல்லி அவற்றை மீண்டும் மேசைக்கு ஏற்றுவிப்பேன்? சம்பலைக் காட்டி அம்மியை மீட்டால், வேறொரு கல்லைத் தேடிக்கொண்டு வருவார். உண்மையைச் சொன்னால், தனியே கேட்க மனமின்றிப் இசைத்தட்டுப் பெட்டியையே மூடிவிடுவார்.

இரண்டு ஆண்டுகளாக என் காதுகளுக்கு இசை எட்டுவதில்லை. பேச்சையும் அவருடைய உதடுகளைப் பார்த்தே பிடித்துக்கொள்கிறேன். வீணையை அந்த மேசையில் கை வைத்துத்தான் கேட்டுவந்தேன்.