பின் ஹேண்டில்பாரில் கியர்

9 பிப்ரவரி 2025, ஞாயிறு
பூசைக்கு இன்றும் தனியாகத்தான் போனேன். "யூஜின் எப்படி இருக்கார்?" என்று கேட்கிறவர்களிடம் "நல்லா இருக்கார்" என்று புளுகுவதற்கே மாதா கோயிலுக்குப் போகிறேன் போல. கிளாக்கோமாவில் என் வீட்டுக்காரருக்கு இரண்டு கண்ணும் போய் ஒன்பது மாதம். இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டின மனுஷன் வாசற்படி தாண்ட மாட்டேன் என்கிறார்.

11 பிப்ரவரி
குருசுக்குப்பத்தில் இருந்த பிரெஞ்சுத் தம்பதி ஊருக்குத் திரும்புகிறார்கள். அவர்களுடைய இரட்டைச் சைக்கிளை வாங்கிவிட்டேன். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், இருவரும் மிதிக்க வேண்டும். இவர் தடவிப் பார்த்தார். "பின்னாடி மூட்டை மாதிரி உக்காந்து வரச் சொல்றியா ரூபி? நான் ஓட்டுறவன்டி, சரக்கு இல்ல." அறைக்குள் போய்விட்டார். நான் ஏன் இப்படி அவசரக்குடுக்கையாக இருக்கிறேன்?

13 பிப்ரவரி
போதாக்குறைக்குக் கியர் தகராறு. ஒன்று மாற்றினால் இரண்டு தாவுகிறது. உழவர்கரையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் இளம்பரிதி கையை விரித்துவிட்டான். "கேபிள் இருந்தா இழுத்துக் கட்டிடுவேன்க்கா. இதுல கம்பியே இல்ல. பட்டன் அமுக்குனா பின்னாடி பேட்டரி மோட்டார் ஒண்ணு செயின நவுத்துது. நமக்கு ஆவாது."
விடுவேனா நான்? வீடியோ பார்த்துச் செய்கிறேன்.

16 பிப்ரவரி
மோட்டாரில் இருக்கும் பொத்தானைச் சிவப்பு விளக்கு எரியும்வரை அமுக்க வேண்டும். பிறகு கியர் பட்டனை ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் மோட்டார் மயிரிழை நகரும். பெடலைச் சுற்றிக்கொண்டே, செயின் அடுத்த பல்சக்கரத்தை லேசாக உரசும் சத்தம் வரும்வரை நகர்த்தி, அங்கிருந்து நாலு அமுக்கு பின்னால் வர வேண்டும். லேசான சத்தமாம்! தெருவில் ஆட்டோ, மேலே ஃபேன். எனக்கு எங்கே கேட்கிறது?
மூணு நாளா கை முழுக்க கிரீஸ். அழுதுட்டேன். எதுக்குடீ உனக்கு இதெல்லாம் — வரமாட்டேன்னு அவர் சொன்னது காதுல விழலியா?

19 பிப்ரவரி
கூடத்தில் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து குரல்.
"நிறுத்து. தாண்டிட்ட."
"என்னது?"
"ரெண்டு அமுக்குக்கு முன்னாடியே உரச ஆரம்பிச்சிடுச்சு. கியர் முனகுறதுகூடத் தெரியாம என்னடி பண்ற?"
சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். அவர் கை பெடலில், என் விரல் பட்டனில். "இன்னொண்ணு... இன்னொண்ணு... ம், இங்க. இப்ப நாலு பின்னாடி." சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அந்தத் திமிரைப் பார்த்தேன். அதற்கு ஆசைப்பட்டுத்தானே கட்டிக்கொண்டேன்!

20 பிப்ரவரி
கம்பி இல்லாத பட்டனை எங்கே வேண்டுமானாலும் மாட்டலாமே! இத்தனை நாள் உறைக்கவில்லை, மண்டு. கழற்றி, பின் ஹேண்டில்பாரில் அவர் கட்டைவிரல் படும் இடத்தில் மாட்டினேன்.
"கியர் இனிமே உங்களுது. நீங்க வரலைன்னா நான் ஒரே கியர்ல கிடந்து சாவணும்."
அவர் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

23 பிப்ரவரி, ஞாயிறு
"வரல" என்றார். தனியாகத்தான் பூசைக்கு.

2 மார்ச், ஞாயிறு
ஐந்தரைக்கு எழுந்து பார்த்தால் ஷூ போட்டு உட்கார்ந்திருக்கிறார்! "தெரு முனை வரைக்கும்தான்" என்றார். தெரு முனையில், "இன்னும் கொஞ்சம் போ."

16 மார்ச், ஞாயிறு
கோயிலில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. அவரிடமே கேட்டார்கள்.
பூசை முடிந்து கனகசெட்டிக்குளம் வரை போனோம். திரும்பும்போது சரியான எதிர்க்காற்று. காலாப்பட்டு தாண்டியதும் எனக்குத் தொடை கடுத்தது, வீம்புக்குச் சொல்லவில்லை. பின்னால் 'டிக்' என்றது. பெடல் லேசாகிவிட்டது.
"ஏன் மாத்தினீங்க?"
"உன் கால் சோர்ந்துடுச்சு."
"அதெப்படித் தெரியும்?"
"ரெண்டு பெடலும் ஒண்ணாதான சுத்துது. நீ மிதிக்கிறது என் காலுக்குத் தெரியும்."
எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷனையா மூலையில் உட்கார விட்டிருந்தேன்?
"என்னடி, பேச்சக் காணோம்? பள்ளம் வந்தா சொல்லு."

17 மார்ச்
திங்கட்கிழமை என்று சொன்னாலும் கேட்கவில்லை. விடியும்போதே எழுப்பிவிட்டார். கியர் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டாகிவிட்டதாம்.