வாசலில் விட்ட செருப்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதா துணையால் நான் சுகம். சாந்தன்பாறையில் மழை விட்டதா? உங்கள் இருமல் எப்படி?

வங்கியின் கொல்லங்கோடு கிளைக்கு நான் மேனேஜராகி ஒரு மாதமாகிறது. விவசாயிகள் ஏன் கடன் கேட்டு வருவதில்லை என்று மேலிடத்தில் குடைகிறார்கள். வருகிறார்கள் அப்பா, செருப்பைக் கழற்றிவிட்டு என் அறை வாசலோடு நின்றுவிடுகிறார்கள். நேற்று ஒரு பெரியவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். "இருக்கட்டுங்க, இங்கயே நிக்கறனுங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம். மாடு வாங்கக் கடன் கேட்க வந்தவராம், பியூன் சொன்னார். எனக்குக் கோபமாக வந்தது.

இன்று பாலக்காட்டில் பெரிய அதிகாரியோடு கூட்டம். பாதியில்தான் கவனித்தேன், என்னையறியாமல் செருப்பை வாசலில் விட்டுவிட்டு நான் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். எஸ்டேட் ஆபீஸ் வாசலில் ஏலக்காய் மணக்கும் கையால் என்னை நிறுத்தி, "செருப்பக் கழட்டு புள்ள, மேனேஜர் இருக்காரு" என்பீர்களே, அது ஞாபகம் வந்தது.

இங்கே நல்ல வெயில். ஆனாலும் என் பழைய கம்பளி வேண்டும், நீங்களே கொண்டு வாருங்கள். பாலக்காடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. என் அறைக்குள் செருப்போடு வாருங்கள் அப்பா. வாசலில் நிற்பவர்கள் பார்க்கட்டும்.

உங்கள் மகள்,
பின்சி