மேரியக்கா கிழிசல்

சேசு மரி சூசை

திண்டிவனம்,
10-11-2025

அன்புள்ள மேரிக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீயும் ஜெனித்தும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாயிருக்க ஆண்டவர் துணை நிற்பாராக. கோயம்புத்தூரில் குளிர் தொடங்கிவிட்டதாக ஜெனித் சொன்னாள். உன் பச்சை ஸ்வெட்டர் இங்கே பீரோவில்தான் இருக்கிறது. அனுப்பட்டுமா, இல்லை அங்கேயே புதிதாக வாங்கிவிட்டீர்களா?

புது மாத்திரையில் கை நடுக்கம் கொஞ்சமாவது குறைந்திருக்கிறதா? போனில் உன்னைக் கேட்டால் "பரவாயில்ல" என்கிறாய். மகளைக் கேட்டால் "பரவாயில்லப்பா" என்கிறாள். இரண்டையும் வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் கணிக்க முடியவில்லை. நீ பேசும்போது யாராவது பக்கத்தில் இருக்கிறார்கள். நானும் கேட்க வந்ததை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசி வைத்துவிடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

மழை பரவாயில்லை. பின்னறையில் வழக்கமான இடத்தில் சொட்டுகிறது, வழக்கமான வாளியை வைத்திருக்கிறேன். காபி இன்னும் இரண்டு பேருக்குத்தான் அளவு வருகிறது. மிச்சத்தை மதியம் குடித்துவிடுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ ஊருக்குக் கிளம்பிய அன்று என்னிடம் ஒரு வேலை ஒப்படைத்தாய். உன் வாழ்த்து அட்டை செய்யும் சாமான் பெட்டியை விழுப்புரம் அம்சாவிடம் கொடுத்துவிட வேண்டும். இனி நீ அவர்கள் கூட்டத்துக்கு வரமாட்டாய், அட்டையும் செய்து அனுப்பமாட்டாய் என்று சொல்லிவிட வேண்டும். காரணம் சொல்லக் கூடாது. "கத்திரியே பிடிக்க முடியல, அப்புறம் எதுக்கு அந்தப் பொட்டி? நல்லாருக்குது நல்லாருக்குதுன்னு அவங்க சொல்றதெல்லாம் பாவம் பாத்துத்தான்" என்றாய். நான் சரி என்று தலையாட்டினேன்.

அதை நான் செய்யவில்லை. எப்படிச் செய்யாமல் போனேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். கோபப்படுவதென்றால் கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு.

நேற்று முன்தினம் சனிக்கிழமை அவர்கள் கூடும் நாள். காலையில், பசைப் பாட்டில் மூடி சரியாக இருக்கிறதா, பஸ்ஸில் கொட்டிவிடுமா என்று பார்ப்பதற்காக மட்டும் பெட்டியைத் திறந்தேன். பிறகு மூட மனம் வரவில்லை. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. வெள்ளையாக, வழவழப்பாக, ஐஸ்கிரீம் குச்சி மாதிரி ஒன்று இருந்தது. எதற்கென்று வெகுநேரம் புரியவில்லை. ஒரு தாளை மடித்து அதன்மேல் இழுத்துப் பார்த்தேன். மடிப்பு கத்திபோல நின்றது. இப்படி ஒன்று இருப்பது தெரியாமல் நான் ஆபீஸில் வரைபடங்களை நகத்தால் மடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அடித்தட்டில் என்னுடைய பிரெஞ்சு கர்வ் கிடந்தது. நில அளவை ஆபீஸில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று ஓய்வு பெறும்வரை நான் தேடிய அதே வளைகோட்டுப் பலகை. ஓரமெல்லாம் மினுமினுப்புத் தூள் ஒட்டியிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கிடைத்ததே, அது போதும்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். கூட்டேரிப்பட்டில் ஒரே நெரிசல். கண்டக்டர் "பெருசு, பொட்டிய கீழ வெய்யி, என்னா உள்ள, குழந்தையா?" என்று கேட்டான். சுற்றிலும் சிரித்தார்கள். நான் கீழே வைக்கவில்லை. சொல்ல வேண்டிய வாக்கியத்தை விக்கிரவாண்டி டோல்கேட் வரை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். 'மேரிக்கு இனி வர இயலாது, மன்னிக்கவும்.' இதில் 'மன்னிக்கவும்' வேண்டுமா வேண்டாமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது.

அம்சாவின் தையல் கடை மாடிக்கு நான் ஏறியதும் பேச்சு நின்றுவிட்டது. அத்தனை பெண்களுக்கு நடுவில் நான் ஒருவன். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அம்சாதான் மிஷின் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "வாங்க சார், அக்கா வர்லியா? முட்டி வலி இன்னும் வுடலியா?" என்று கேட்டார். உனக்கு முட்டி வலி என்றுதான் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் நீ பதில் போடாததையும் அதில் சேர்த்துவிட்டார்கள். முட்டி வலிக்கும் வாட்ஸ்அப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் யோசிக்கவில்லை.

நான் என் வாக்கியத்தைத் தொடங்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் மேஜையைப் பார்த்தேன்.

கிறிஸ்துமஸ் சுற்றில் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதற்காக ஆளுக்கு ஆள் செய்து கொண்டுவந்த அட்டைகள் பரப்பிக் கிடந்தன. எல்லாவற்றிலும் மலை. தாளைக் கிழித்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி, கிழிந்த ஓரத்தின் வெள்ளை, விடியற்கால வெளிச்சம்போலத் தெரிகிற மலை. மேலே ஒரு நட்சத்திரம். விக்கிரவாண்டியிலிருந்து வரும் பிரின்சி தன்னுடையது மயிலம் மலை என்றாள். குயிலாப்பாளையத்தில் கைத்தாள் செய்யும் இடத்தில் வேலை பார்க்கும் கலைப்பிரியா, "உன்னுது மலையாடி? களத்துல மல்லாட்டை காயப் போட்ட மாதிரி இருக்குது" என்றாள். இதற்குப் பெயர் என்ன என்று நான் கேட்டேன். இரண்டு பேரும் ஒரே குரலில் "மேரியக்கா கிழிசல்" என்றார்கள்.

நீ நேரில் போகாமல் கூரியரில் அனுப்பத் தொடங்கிய பிறகு உன் அட்டைகளைப் பார்த்து அவர்கள் வைத்த பெயராம். எல்லோரும் செய்து பார்க்கிறார்கள், ஒருவருக்கும் வரவில்லை. தாளை நனைத்துக் கிழிக்கிறாய் என்பது பிரின்சியின் கட்சி. ஊசியால் குத்திக் கோடு போட்டுக்கொண்டு கிழிக்கிறாய் என்பது கலைப்பிரியா கட்சி. அம்சா இரண்டையும் ஒதுக்கிவிட்டு, "சார் வூட்லயே பாத்திருப்பாரு, அவரக் கேளுங்க" என்றார்.

நான் பார்த்ததில்லை. நான் பூசைக்குப் போகும்போதோ தூங்கும்போதோதான் நீ பெட்டியைத் திறப்பாய். தெரியாது என்றேன். யாரும் நம்பவில்லை. "தொழில் ரகசியம், சொல்ல மாட்டாரு" என்று சொல்லி என் கையில் ஒரு தாளைத் திணித்தார்கள். கிழித்தேன். நேராக வந்தது. மறுபடி கிழித்தேன், இன்னும் நேராக வந்தது. பிரின்சி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், மலை கேட்டா பட்டா நெலம் அளந்து குடுக்கறீங்களே" என்றாள். மாடியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

ஏனென்றால் எதிரே சுவரில் அம்சா ஒரு கயிறு கட்டி, இதுவரை வந்த உன் அட்டைகளை வந்த வரிசைப்படியே கிளிப் போட்டு மாட்டியிருந்தார். முதலில் கத்திரியால் வெட்டிய பூக்கள். இதழ்களின் விளிம்பு அச்சில் எடுத்ததுபோல இருக்கிறது. அடுத்து வந்தவற்றில் விளிம்பு லேசாகக் குதறியிருக்கிறது. அதை மறைக்க நீ மினுமினுப்பு தடவியிருக்கிறாய். பிறகு வெட்டே இல்லை, எல்லாம் கிழிசல். கோடு போட்டே சம்பளம் வாங்கியவன் நான். ஒரு கோட்டைப் பார்த்தால் போட்ட கை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்த மலைகளின் ஓரத்தில் சின்னச் சின்னதாக நெருக்கமாய் ஓடி, சற்று ஓய்ந்து, மறுபடி ஓடுகிற அந்த அலை, காலையில் நீ காபி டம்ளரை எடுக்கும்போது டபராவில் கேட்கும் அதே சத்தத்தின் வடிவம்.

என் வாக்கியம் வரவில்லை மேரி.

"பொட்டிய எதுக்கு சார் தூக்கினு வந்தீங்க?" என்று அம்சா கேட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமே. நீ தாள் வாங்கிவரச் சொன்னதாகச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். கலைப்பிரியா தன் பையைக் கவிழ்த்தாள். அவுரி நீலம், மஞ்சள், சாம்பல் என்று கைத்தாள் துண்டுகள். மற்றவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். மூடி மூடவில்லை, அம்சா துணிநாடா போட்டுக் கட்டிக் கொடுத்தார். "இந்தச் சுத்துக்கு அக்கா கார்டு வந்தாத்தான் மத்ததப் பங்கு போடுவோம். டிசம்பர் ரெண்டாஞ் சனிக்கெழம. முட்டி கிட்டின்னு சாக்கு சொல்லக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றும் சொல்லி அனுப்பினார். கொடுத்துவிட்டு வரப் போன பெட்டி, போனதைவிடக் கனமாகத் திரும்பி வந்திருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. நான் ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

நேற்று பூசை முடிந்து வந்ததும் நானும் முயன்று பார்த்தேன். இடது கையால் கிழித்தேன். வேண்டுமென்றே கையை ஆட்டிக்கொண்டு கிழித்தேன். அது நடிப்பு என்று தாளுக்கே தெரிந்துவிடுகிறது.

எனக்கு இதிலெல்லாம் அறிவு போதாது. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம். ஆனால் ஒன்று யோசித்தேன். நீ சொன்ன மாதிரி, பாவம் பார்த்து ஒருவரைப் பாராட்டலாம். பாவம் பார்த்து யாரும் காப்பியடிக்க மாட்டார்கள். அதுவும் வராத ஒன்றை, திரும்பத் திரும்ப. அவர்களுக்கு உன் கை விஷயமே தெரியாது. அட்டையைத்தான் பார்த்திருக்கிறார்கள். காரணத்தை அவர்களிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். என் வாயிலிருந்து வராது.

இதை எழுதும்போது எனக்குப் பயமாகவும் இருக்கிறது. ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாமல் நீ கதவைச் சாத்திக்கொண்டு நின்ற காலைகளை நான் மறக்கவில்லை. அழகாக இருக்கிறது என்று சொல்லி அதையெல்லாம் சின்னதாக்குகிறேன் என்று நினைத்துவிடாதே. எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

உறைக்குள் இரண்டு துண்டு வைத்திருக்கிறேன். நேராக இருப்பது நான் கிழித்தது, பார்த்துச் சிரித்துக்கொள். முழுதாக இருக்கும் நீலத் தாள் உனக்கு. மாத்திரை போடும் முன்பா பின்பா, எப்போது சௌகரியமோ அப்போது கிழித்து அனுப்பு. அட்டை வெட்டுவது, மடிப்பது, ஒட்டுவது, நட்சத்திரம் எல்லாம் நான் செய்கிறேன். அந்த வெள்ளைக் குச்சி எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. மலை மட்டும் உன்னுடையது. தபாலில் கசங்கும் என்று தோன்றினால், நேரில் கொண்டுவந்தாலும் சரிதான். வேண்டாம், பெட்டியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எழுது, கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். இந்த முறை வாக்கியத்தை எழுதியே எடுத்துப் போகிறேன்.

ஜெனித்துக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர். குழந்தைக்கு முத்தம்.

இத்தனை நாளும் ஜெபமாலை முடிந்ததும் உன் கை நடுக்கம் நிற்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டு வந்தேன். இப்போதும் அதைத்தான் கேட்கிறேன். ஆனால் சனிக்கிழமைக்குப் பிறகு அந்த இடம் வரும்போது கொஞ்சம் தடுமாறுகிறது. அதனால் உன் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். மற்றது மாதாவுக்குத் தெரியும்.

உன்,
சவுரிராயன்

பி.கு: பச்சை ஸ்வெட்டரை அனுப்பவில்லை. டிசம்பரில் இங்கேயும் குளிரும்.