தாரணியின் உயிரியல் நோட்டில் நம்ம குடும்பம்

சாந்தி என்று யாரும் கூப்பிடும் முன்னே "பாப்பா" என்று கூப்பிட்ட என் அண்ணாவுக்கு,

நீங்க போய் நாலு வருஷம் ஆச்சு. உங்களுக்கு எழுதணும்னு எத்தனையோ தடவை பேனாவை எடுத்து, எடுத்த கையோட மூடி வெச்சிருக்கேன். இந்தத் தடவை எழுதியே ஆகணும். நீங்க எங்கிட்ட வாங்கின சத்தியத்தை நான் மீறிட்டேன். அது எப்படி நடந்துச்சுன்னு முதல்ல இருந்து சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் கோவிச்சுக்கங்க.

தாரணி பத்தாவது முடிச்சதும் பயாலஜி குரூப்தான் வேணும்னு ஒரே பிடியா நின்னா. அண்ணிக்கு மில்லுல பகல் ஷிப்ட். அதனால பெத்தவங்க கூட்டத்துக்கு நான்தான் திருச்செங்கோட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உயிரியல் டீச்சர் எங்களை எல்லாம் பெஞ்சுல உக்கார வெச்சு, இந்த ரெண்டு வருஷம் எப்படி இருக்கும்னு விளக்கமா சொன்னாங்க. பத்தாவது மாதிரி நெட்டுருப் போட்டா தேறாது, படம் வரையணும், பாகம் குறிக்கணும், மைக்ரோஸ்கோப்புல பாத்ததைப் பாத்தபடி எழுதணும். தாவரத்துக்கு ஒரு புத்தகம், விலங்குக்கு ஒரு புத்தகம், வாயில நுழையாத பேருங்க, வாரத்துக்கு ஒரு ரெகார்டு. அதெல்லாம் எனக்குப் புதுசில்லைங்கண்ணா. நான் வேலை பாக்கற ஜெராக்ஸ் கடைக்கு அந்தப் பிள்ளைங்கதானே வர்றாங்க.

கடைசியா அவங்க சொன்னதைத்தான் நான் மறக்கவே இல்லை. "இது புத்தகத்தோட நிக்காதுங்க. உங்க காதைப் பாப்பாங்க, மூக்கைப் பாப்பாங்க, தாத்தா எதுல செத்தாருன்னு கேப்பாங்க. அதட்டாம பதில் சொல்லுங்க."

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. கடைக்கு வந்ததும் பன்னிரண்டாவது புத்தகத்தை எடுத்துப் பொருளடக்கத்தைப் பாத்தேன். மரபியல்னு இருந்துச்சு. அதுக்கு முன்னாடி பதினொண்ணாவதுலயே கழிவுநீக்கம்னு ஒரு பாடம். அன்னையில இருந்து அவ எந்தப் பாடத்துல இருக்கான்னு நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.

சேலத்துல, ஃபேர்லேண்ட்ஸ் பக்கத்து ஆஸ்பத்திரியில, உங்களுக்கு ஸ்கேன் எடுத்த நாள் ஞாபகம் இருக்குங்களா? ரெண்டு கிட்னியிலயும் கொத்துக் கொத்தா நீர்க்கட்டி, இது பரம்பரையா வர்றது, கூடப்பிறந்தவங்களும் பிள்ளைங்களும் பாத்துக்கணும்னு டாக்டர் சொன்னார். பஸ் ஸ்டாண்டுல டீயை வாங்கிக் கையில வெச்சுக்கிட்டு, "தாரணியைக் கட்டிக் குடுக்கற வரைக்கும் இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும் சாமி. உங்கண்ணிக்குக் கூட வேண்டாம். வெளிய தெரிஞ்சா யாரும் பொண்ணு எடுக்க மாட்டாங்க"ன்னு சொல்லி என் கையைப் புடிச்சீங்க. நான் சரின்னேன்.

அப்பா போனப்ப இடுப்பு வலிக்குத் தின்ன மாத்திரைதான் கிட்னியைத் தின்னுடுச்சுன்னு பேசிக்கிட்டோம். உங்களுக்கு, நீங்க வேலை பாத்த ஆழ்குழாய்க் கிணறு தோண்டற ரிக் வண்டியைச் சொன்னோம். வடக்க போர் போடப் போன எடத்துல, வெயில்ல, தண்ணி குடிக்காம நின்னு கிட்னி போச்சுன்னு. ஊரே நம்புச்சு. கேட்டவங்களுக்கெல்லாம் அதையே சொல்லிச் சொல்லி எனக்கே பாதி நிஜம் மாதிரி ஆகிப்போச்சு.

பதினொண்ணாவதுல ஒரு ஞாயித்துக்கிழமை, தாரணி கறிக்கடையில இருந்து ஒரு ஆட்டுக் கிட்னி வாங்கியாந்தா. சமையல்கட்டுல தட்டு மேல வெச்சு பிளேடால ரெண்டாப் பொளந்தா. இது புறணி, இது அகணி, சிறுநீர் இந்த வழியா இறங்கும்னு அண்ணிக்குக் காட்டிக்கிட்டே இருந்தா. வழுவழுன்னு, அவரைக்கொட்டை மாதிரி, அவ்வளவு சுத்தமா இருந்துச்சுங்கண்ணா. "அப்பாவோடதும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்லைங்கத்தை?"ன்னு கேட்டா. நான் தண்ணி எடுக்கற சாக்குல வெளிய வந்துட்டேன். அந்த ஸ்கேன் படத்துல நான் பாத்தது வேற.

அதுக்கப்புறம் ஒரு வருஷம் ஓடிப்போச்சு. பன்னிரண்டாவதுல மரபியல் வந்துச்சு. குடும்பத்துல ஏதாச்சும் ஒரு பண்பை எடுத்து மூணு தலைமுறைக்குப் படம் போட்டு வரச் சொல்லியிருக்காங்க. ஆம்பளைக்குச் சதுரம், பொம்பளைக்கு வட்டம். அந்தப் பண்பு இருக்கறவங்களுக்கு உள்ளே கறுப்புத் தீட்டணும். செத்தவங்களுக்குக் குறுக்க ஒரு கோடு. அவ காது மடலை எடுத்துக்கிட்டா. எங்க எல்லார் காதையும் புடிச்சு இழுத்துப் பாத்து எழுதிக்கிட்டுப் போனா. பத்துக்குப் பத்து வாங்கினா. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், கடையில கூட்டமில்லாத நேரமாப் பாத்து வந்தா. நோட்டைப் பிரிச்சு என் முன்னாடி வெச்சா. காது மடல் படம் போட்ட தாளுக்குப் பின்பக்கத்துல பென்சில்ல இன்னொரு படம். மேல நம்ம அப்பாவோட சதுரம், கறுப்பு, குறுக்கே கோடு. கீழே நீங்க, கறுப்பு, குறுக்கே கோடு. உங்க பக்கத்துல ஒரு வட்டம், அது நான். உங்களுக்குக் கீழே இன்னொரு வட்டம், அவ. ரெண்டு வட்டத்துக்குள்ளயும் கேள்விக்குறி போட்டிருந்தா.

"தாத்தாவுக்குக் கடைசியில முகமெல்லாம் வீங்குச்சுன்னு அம்மா சொன்னாங்க. அப்பாவுக்கும் அப்படித்தான். ரெண்டு பேருக்கும் ரத்தக் கொதிப்பு. இது வெயில்ல வந்ததுங்களா அத்தை?"

ஆமாம்னு சொன்னேன். பொய்யைக் கூட ஒழுங்காச் சொல்லத் தெரியலை எனக்கு. வெத்துத் தாளை ஓட விடற மாதிரி மிஷின்ல எதையோ அமுக்கிக்கிட்டு நின்னேன். அவ போகலை. "எங்கப்பாவோட ஸ்கேன் ரிப்போர்ட்டை இந்தக் கடையிலதானே ஜெராக்ஸ் எடுத்தீங்க, அதைக் காட்டுங்க"ன்னா. தொலைஞ்சு போச்சுன்னேன்.

"எனக்கு இருக்குதா இல்லையான்னு எனக்குத் தெரிய வேண்டாங்களா?"

சத்தமாக் கூட கேக்கலை. உங்க கண்ணு அப்படியே அவளுக்கு. என்ன பண்ணியிருப்பீங்க நீங்க? நான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிட்டு, அங்க இருந்த தாள் பீரோவுக்கு அடியில ஆறு வருஷமா வெச்சிருந்த கவரை எடுத்துக் குடுத்தேன்.

படிச்சா. புரியாத வார்த்தையைப் புத்தகத்துல தேடினா. ஓங்குபண்புன்னா பெத்தவங்கள்ல ஒருத்தர்கிட்ட இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு எனக்கே பாடம் நடத்தினா. அப்புறம் என்னைப் பாத்து, "நீங்க செக் பண்ணிக்கிட்டீங்களா?"ன்னா. இல்லைன்னேன். "ஆறு வருஷமாத் தெரியும், ஒரு தடவை கூட பாக்கலையா?" உங்ககிட்ட மட்டும் சொல்றேங்கண்ணா. பாக்காத வரைக்கும் இல்லைன்னு நினைச்சுக்கலாமில்ல?

சாயந்திரம் அண்ணிகிட்டச் சொன்னோம். உங்க மேல கோவப்படுவாங்கன்னு நினைச்சேன். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. "நான் பெத்தவ. எனக்குத் தெரியக் கூடாதுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா சாந்தி?"ன்னு கேட்டுட்டு உள்ளே போயிட்டாங்க. ஒம்பது நாள் எங்கிட்டப் பேசலை. ஒரே ஊட்டுல இருந்துக்கிட்டு, சோத்தைப் போட்டு வெச்சுட்டு நகந்து போவாங்க. பத்தாம் நாள் காலையில, மில்லுக்கு லீவு சொல்லிட்டேன், சேலம் போலாம் கிளம்புன்னாங்க.

மூணு பேரும் பஸ்சுல போனோம். முதல்ல எனக்கு ஸ்கேன் எடுத்தாங்க. வயித்துல ஜெல்லைத் தடவி அந்தக் கருவியை வெச்சதும், எடுக்கறவங்க முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். இடது பக்கம் ரொம்ப நேரம் நிறுத்திப் பாத்தாங்க. அப்பவே தெரிஞ்சு போச்சு.

எனக்கு இருக்குதுங்கண்ணா. ரெண்டு பக்கமும் கட்டிங்க இருக்கு. ஆனா கிட்னி இன்னும் நல்லாவே வேலை செய்யுதாம். பிரஷர் கூடியிருக்கு, அது எனக்குத் தெரியவே தெரியாது. ரத்தக் கொதிப்பைக் கட்டுக்குள்ள வெச்சுக்கிட்டா பல வருஷம் தள்ளிப் போடலாம்னு டாக்டர் சொன்னார். இன்னும் முன்னாடியே வந்திருக்கலாமேன்னும் சொன்னார். அதைக் கேட்டுத் தாரணி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. தினமும் காலையில மாத்திரையை எடுத்து அவதான் என் உள்ளங்கையில வெக்கறா.

அவளுக்கு அன்னைக்குப் பிரஷர் மட்டும் பாத்தாங்க. சரியா இருந்துச்சு. ஸ்கேன் பதினெட்டு முடிஞ்சு அவளா முடிவு பண்ணி வரட்டும்னு டாக்டர் சொல்லிட்டார். போன மாசம் பதினெட்டு முடிஞ்சுது. பிராக்டிகல் பரீட்சை இருக்கு, அப்புறம் பாக்கலாம்னு அண்ணி கெஞ்சிப் பாத்தாங்க. தெரியாம உக்காந்தாத்தான் படிப்பு ஏறாதுன்னு சொல்லிட்டா. போனோம். உள்ளே யாரும் வர வேண்டாம்னு தனியாப் போனா. அந்தக் கால் மணி நேரத்துல அண்ணி என் முந்தானையைப் புடிச்சு முறுக்கிக்கிட்டே இருந்தாங்க.

கட்டி எதுவும் தெரியலை. அண்ணி அங்கேயே அழுதுட்டாங்க. ஆனா இந்த வயசுல தெரியலைன்னா இல்லவே இல்லைன்னு அடிச்சுச் சொல்ல முடியாதாம். சில வருஷம் கழிச்சு மறுபடி பாக்கணும், அதுக்கப்புறமும் பாக்கணும். தாரணி அதை நிதானமாக் கேட்டுக்கிட்டு, எத்தனை வருஷத்துக்கு ஒருக்கான்னு கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டா. பிராக்டிகலும் முடிஞ்சுது, நல்லாப் பண்ணியிருக்கேங்கறா. அடுத்து என்ன படிப்பேன்னு கேட்டா, பரீட்சை முடியட்டும் சொல்றேங்கறா.

நீங்க பயந்ததுல தப்பில்லைங்கண்ணா. நாளைக்கு வரன்னு யாராச்சும் வந்தா இதைச் சொல்லணும். தாரணியே சொல்லுவா, அவ அப்படித்தான். எந்திரிச்சுப் போறவங்க போகட்டும், வாசல் வரைக்கும் நானே கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்.

ஒவ்வொரு தடவையும் நானும் அவளும் ஒரே நாள்ல, ஒரே பஸ்சுல போறதுன்னு பேசி வெச்சிருக்கோம். அவ ரிப்போர்ட் அவ கைக்குத்தான் முதல்ல போகணும். அதுல என்ன இருந்தாலும் நான் மறைக்க மாட்டேன், மறைக்கச் சொல்லி யார் கையைப் புடிச்சாலும் சரி, அது நீங்களாவே இருந்தாலும் சரி. இந்தச் சத்தியத்தை நான் காப்பாத்துவேன்.

உங்க சொல்லை மீறின,
உங்க ரத்தத்துல பாதிப் பங்குக்காரி,
தங்கச்சி சாந்தி