மூன்று வருடம் காத்திருந்த வெடிப்பு

செவ்வாய், இரவு

மூன்று வருடமாக நான் காத்திருந்த காந்த நட்சத்திரம் இன்று காலை வெடித்தது. எக்ஸ் கதிர் வீச்சு அரை நொடிகூட நீடிக்கவில்லை. அதன் பின்னொளி மங்குமுன் தொலைநோக்கியைத் திருப்பச் சொல்லவேண்டிய முறை இன்று என்னுடையது. செல்போனில் எச்சரிக்கை வந்தபோது நான் முகத்துவாரக்குப்பத்தில் அம்மாவின் கடையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன். அதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

"எங்கேம்மா போயிருந்தே?" என்று என் ஆய்வுப் பேராசிரியர் போனில் கேட்டார்.

"சிக்னல் இல்லை சார்" என்று புளுகினேன். மீன் கடை என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மா மீன் விற்பது ஆய்வு மையத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் நான்.

சோறு போடும்போது அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "இன்னா கண்ணு, உன் நட்சத்திரம் இன்னும் வெடிக்கலியா?"

"இல்லம்மா."

"அது வெடிக்கிற வரைக்கும் நீ மீன் ஆய வராத. வூட்லயே குந்திகினு பாரு."