நீலத் தாள்

மார்ச் 4
பொம்மைக் கடையில் பரிசுப் பொட்டலம் கட்டும் மேசைக்கு வந்து ஐந்து வருடம். இன்றும் நாள் முழுக்க அதே கேள்வி: "பையனா, பொண்ணா?" பையன் என்றால் நீலத் தாள், பொண்ணு என்றால் ரோஸ். மேனேஜர் உத்தரவு. கால் கடுக்கிறது.

மார்ச் 6
பள்ளி விட்டதும் என் வாண்டு வந்து மேசைக்கடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். இன்று வீட்டுக்கு வந்ததும் அலாரம் கடிகாரத்தைக் கத்தி முனையால் பிரித்துப் போட்டாள். திட்டத் தெம்பில்லை. அவளே மறுபடி மாட்டியும் விட்டாள். ஐந்து நிமிடம் பின்னால் ஓடுகிறது, அவ்வளவுதான். பிறந்த நாளுக்கு டூல்ஸ் பெட்டி வாங்கிவிட வேண்டியதுதான்.

மார்ச் 11
வாங்கியாயிற்று. கடை மூடுகிற அவசரத்தில் கட்டி எடுத்து வந்தேன்.

மார்ச் 12
எட்டு வயது முடிந்தது. வேலை முடிந்து நான் ஓடி வருவதற்குள் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. கூடத்தில் அண்ணன் மகன் டூல்ஸ் பெட்டியைப் பரப்பித் திருகிக்கொண்டிருக்கிறான்.
"உனக்கு வாங்கினதுடி அது!"
"நீலப் பேப்பர் சுத்தியிருந்துச்சேம்மா. அவனுக்குன்னு நெனச்சுக் குடுத்துட்டேன்."
டூல்ஸ் என்றதும் கை தன்னால் நீலத்துக்குப் போயிருக்கிறது. என் பிள்ளைக்கு என்று தெரிந்தே! பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்?
"விடு, இவளுக்கு ஒரு பொம்மை வாங்கிட்டாப் போச்சு," என்றாள் அண்ணி.

மார்ச் 13
அழுதிருந்தாலாவது தேவலை. இன்னொரு பெட்டி வாங்கித் தருகிறேன் என்றேன். "வேணாம்மா."

மார்ச் 19
கடிகாரம் நின்றுவிட்டது. "நீயே பாரேன்டி," என்றேன்.
"அதெல்லாம் பசங்க வேலைம்மா."
யார் சொன்னது என்று கேட்க வாயெடுத்தேன். மேசைக்கடியில் உட்கார்ந்து இத்தனை நாள் அவள் கேட்டது யார் குரலை?

மார்ச் 20
"எத்தனை வயசு?" என்று மட்டும் கேட்டு, கையில் கிடைத்த தாளில் கட்டினேன். மூன்று பேர் சண்டைக்கு வந்தார்கள். மேனேஜர் கூப்பிட்டு, "உங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்றார். ஒன்றும் ஆகவில்லை சார் — அலுத்துப்போச்சு, அவ்வளவுதான். மனதுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்த பொட்டலத்தை எடுத்தேன்.

மார்ச் 22
விடுமுறை. வரமாட்டேன் என்றவளைக் கையைப் பிடித்து ஹார்டுவேர் கடைக்குக் கூட்டிப் போனேன்.
"ஒரு ஸ்க்ரூடிரைவர் குடுங்க. இவளுக்குத்தான்."
கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார். என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியாதா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.
"முனை ஸ்டாரா, ஃப்ளாட்டா?"
எனக்குத் தெரியவில்லை. என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது:
"ரெண்டும்."